உளுத்த மரங்களின் வழக்கு

அன்பு மகளுக்கு,

யன்பாரு மலைப்பகுதியின் கிழக்கு முகட்டுக் காட்டை வெட்டி விற்கக்கூடாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. கிராமத்துக்காக வாதாடிய நான் தோற்றேன். காட்டுக்காகச் சாட்சி சொன்ன நீ வென்றாய். நீ என் மகள் என்பதை விசாரணைக்கு முன்பே அறிவித்திருந்தேன், எவரும் ஆட்சேபிக்கவில்லை.

விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆயினும் உன்னிடம் கேட்டேன்: "உள்ளே உளுத்த கிழட்டு மரங்கள்தானே? வெட்டிட்டுப் புதுசா நட்டா என்ன?"

"உளுத்ததாலதான் விடச் சொல்றோம், வக்கீல் ஐயா. இந்தக் காட்டு மரங்கொத்தி உலகத்துல வேற எங்கயும் இல்ல. அந்த மாதிரி மரத்துலதான் கூடு குடையும். நீங்க நடுற கன்னு கிழடாகுற வரைக்கும் அது எங்க போய்க் குடியிருக்கும்?"

குறுக்கு விசாரணை முடிந்தது என்று கூறி அமர்ந்துவிட்டேன்.

நேற்று கிராமத் தலைவர் தாமாகி ஐயா அவாமோரிச் சாராயக் குப்பியோடு வந்தார். "பெத்த பொண்ணுகிட்டயே மண்ணைக் கவ்வின வக்கீலு நீதான்யா! மேல்முறையீடு போடு."

"முகாந்திரம் இல்ல."

"பொண்ணுன்னு விட்டுக் குடுக்குறியா?"

"அவ பதில்ல ஓட்டை இருந்தா நானே போடுவேன். தேடிப் பாத்துட்டேன், இல்ல!"

அப்போது என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்ததாக உன் அம்மா கூறுகிறாள். அது அவளுடைய கருத்து.

வழக்கு முடியும்வரை நீ வீட்டுக்கு வராதிருந்தது முறையானதே. இனி அந்தத் தடை இல்லை.

வரும் செவ்வாயன்று முகட்டில் எல்லைக்கல் நடுகிறார்கள். கிராமத்தின் சார்பில் நானும் காட்டின் சார்பில் நீயும் ஒரே தாளில் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் விழுவதைப் பார்க்க உன் அம்மாவும் மலையேறுகிறாள். மூவருக்குமாகச் சோறு கட்டச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
எதிர்த்தரப்பு வழக்கறிஞராகிய உன் தந்தை