மோவாயில் ஒரு மச்சம்

குண்டூர் நாடு,
12-7-1938

இல்லை அப்பா, என் ஆசிரியப் பயிற்சி அசல் சர்டிபிகேட்டை ருக்குமணியிடம் நீங்கள் கொடுத்தனுப்பியது தவறில்லை. விடுதியில் மூன்று வருடம் என்னுடன் இருந்தவள். நானும் நம்பித்தான் அவளை அனுப்பினேன். நான் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

நேற்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அடிவாரக் காரவள்ளியிலிருந்து மலையேறி என் பள்ளிக்கு வந்தார். அசலைக் கேட்டார். இன்னும் கைக்கு வரவில்லை என்றேன். சிரித்தார்.

"ஏனுங்க டீச்சர், கீழ ஒரு பள்ளிக்கூடத்துல போன வாரந்தானுங்க அதைப் பார்த்தேன். அங்கயும் நாமகிரி, மோவாயில அதே மச்சம். அப்ப நீங்க யாருங்க?"

சர்டிபிகேட்டில் அங்க அடையாளமாக எழுதியிருப்பது அந்த மச்சம்தான். விடுதியில் ருக்குமணி தன் மோவாயில் அதே இடத்தில் பச்சை குத்திக்கொண்டாள். "உன்ற ஞாபகமா இருக்கட்டும் கண்ணு," என்றாள். அதை அன்பென்று எண்ணி நான் அழுதேன்.

பத்து நாளுக்குள் நான்தான் நாமகிரி என்று காட்டாவிட்டால் வேலை போய்விடும். நான் படித்த பள்ளியின் பதிவேட்டு நகலை நீங்களே கொண்டு வாருங்கள். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். அந்தப் பழைய கம்பளியும் வேண்டும், இங்கே குளிர். இரண்டு நாள் தங்கும்படி வாருங்கள். தபால்காரர் காத்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் கேட்ட வாக்குமூலத்தில், அசலை வாங்கிப் போனவள் என்று ருக்குமணியின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.

நாமகிரி