கூழாங்கல் தொட்டி

கொண்டப்பநாயக்கன்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். தம்பி சரவணக்குமாரும் பிரீத்தியும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க மாரியம்மன் துணை. போனில் வாயைத் திறந்தாலே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் தாளில் எழுதி, பக்கத்து வீட்டு நித்யஸ்ரீயை விட்டுப் படமெடுத்து அனுப்புகிறேன். கடைசி வரி வரை படி.

தம்பியின் சைனீஸ் ஓட்டலுக்கு நீதான் அங்கிருந்தே எல்லாம் வரைந்து அனுப்பினாய். சாம்பல் நிறச் சுவர், மூங்கில் தட்டி, தாழத் தொங்கும் விளக்கு எல்லாம் அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடத்தில் எஞ்சினியர் போட்டிருந்த கை கழுவும் பேசினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் சலசலக்கும் கருங்கல் தொட்டி வைக்கச் சொன்னாயே, நீ எந்த ஊர்க்காரி? பேசின் கக்கூசுக்குள் ஒன்று இருந்தால் போதும், எல்லாரும் ஸ்பூனில்தான் சாப்பிடுவார்கள் என்றாயாம். ஃபிரைடு ரைஸைக்கூடக் கையால் அள்ளித் தின்று வளர்ந்தவள் நீ.

திறப்பு விழா அன்று பிரீத்தியின் அப்பா ஜீவானந்தம் திருச்செங்கோட்டிலிருந்து இருபது சொந்தக்காரர்களோடு வந்தார். சாப்பிட்டு முடித்து எச்சில் கையை ஏந்திக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றிவிட்டு, ஏனுங்க மாப்ள, கை கழுவறதுக்கு எங்கீங்க போறது என்று கேட்டார். கக்கூஸ் கதவைக் காட்டியதும், சோறு தின்ன கைய அங்கயாங்க கழுவறது என்று சொல்லிவிட்டு, பட்டு வேட்டியோடு ரோட்டோரம் நின்று பாட்டில் தண்ணீரில் கழுவினார். சம்பந்தி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? மறுநாள் மேச்சேரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் உன் தொட்டியைக் கை கழுவும் இடம் என்றே நினைத்து, ஆளாளுக்குக் கழுவி, வாயையும் கொப்பளித்துத் துப்பிவிட்டது. கூழாங்கல் மேல் நூடுல்ஸ் மிதந்தது. இதில் கை கழுவாதீர்கள் என்று தம்பி எழுதி ஒட்டினான். அதைப் படித்த, போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் ஒருவர், கை கழுவ வழியில்லாத ஓட்டலுக்கு இது ஒண்ணுதான் கேடாக்கும் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது குடும்பமாக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிற நாலு பேருக்கும் உன் தம்பி வாசலில் சொம்போடு நின்று கையில் தண்ணீர் ஊற்றுகிறான். நீ உன் கம்பெனியின் இன்டர்நெட் பக்கத்தில் அந்த ஓட்டலின் படங்களைப் போட்டுப் பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாய். ஒரு படத்திலாவது நாற்காலியில் ஆள் இருக்கிறதா என்று பார். இங்கேயும் அப்படித்தான் இருக்கிறது.

தொட்டியை எடுத்துவிட்டு இரண்டு பேசின் வையடா என்று நானும் அப்பாவும் தொண்டை வற்றச் சொல்லிவிட்டோம். மாட்டேன் என்கிறான். நேற்று சத்தம் போட்டேன். அப்போதுதான் சொன்னான், அக்கா எனக்குன்னு செஞ்சு குடுத்தது இது ஒண்ணுதாம்மா, இதுல குறை சொன்னா அப்பறம் அக்கா போனே பண்ணாது என்று. முப்பது வயது ஆண்பிள்ளை, தொழில் படுத்தாலும் பரவாயில்லை என்று உனக்குப் பயந்துகொண்டு நிற்கிறான். பேசின் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. கூடப் பிறந்தவனை இப்படிப் பயப்பட வைத்திருக்கிறாயே, அதை நினைத்தால்தான் என் வயிறு எரிகிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே. நீ நூறு வருஷம் நன்றாக இரு, கோபத்திலும் அதைத்தான் வேண்டுகிறேன். வியாழக்கிழமை தொட்டியை இடிக்கக் கொத்தனார் சின்னண்ணனை வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் தம்பியைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, இடித்துவிடு என்று உன் வாயால் சொல். சொல்லிவிட்டு உடனே போனை வைக்காதே. அவன் பேசி முடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜானகியம்மாள்