மூடப்பட்ட பதினாறு படிகள்

நானா, உங்கள் மாடிப்படியைச் சீமெந்து பூசி மூடிவிட்டார்கள். செய்தவன் உங்கள் மருமகன். செய்தது நீங்கள் மவுத்தாகி நாற்பதாம் நாள் ஓதிய கத்தம் முடிந்த மறுநாள். அந்தப் படிக்குப் பீங்கான் ஓடு பதித்தவன், உங்கள் தம்பி நான், உயிரோடு இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கத்தத்தன்று பின்னேரமே எனக்குக் காய்ச்சல் கண்டது. என் மகள் என்னை வெள்ளவத்தைக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நாலு நாள் கழித்துக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி, நேரே உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தேன். ஈரச் சீமெந்து மணம் மூக்கில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். நட்சத்திரமும் இல்லை, நீலமும் இல்லை. பதினாறு படிகளின் முகப்பும் ஒரே சாம்பல்.

அந்தப் படி முன்பு எவ்வளவு இருட்டு என்று மருமகனுக்கு என்ன தெரியும்? இரண்டு சுவருக்கு நடுவே நெருங்கி ஏறும் படி. நடுப்பகலிலும் ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மதினி வயிற்றுப் பிள்ளையோடு அங்கேதான் விழுந்தா. பிள்ளை தங்கவில்லை. அப்போது நீங்கள் கப்பலில் கோக்கியாக, எங்கோ நடுக்கடலில் சோறு வடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த முறை கரைக்கு வந்தபோது உங்கள் சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. மொரோக்கோ துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதாகி நின்றதாம். சேணம் தைக்கும் மனிதர் ஒருவர் உங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தாராம். அவர் வீட்டுப் படியும் இதே நெருக்கம்தானாம். ஆனால் படிகளின் நிமிர்ந்த முகப்பெல்லாம் வெள்ளையும் நீலமும் பச்சையுமாகப் பீங்கான் துண்டுகள். "இருட்டுக்குள்ள படி தானா வந்து காலுக்குக் கீழ நிண்டிச்சு தம்பி" என்றீர்கள். தாளை அந்தக் கோலத்தின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருந்தீர்கள்.

எனக்கு யாரும் வரையக் கற்றுத்தரவில்லை. ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்றைத் திருப்பி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் வரும் என்று உங்கள் குசினி மேசையில் சோக்கட்டியால் கீறிக் கீறி நானே கண்டுபிடித்தேன். துறைமுகக் கிடங்கில் உடைசல் என்று ஒதுக்கிய பீங்கான் ஓடுகளைக் கொண்டுவந்து குறட்டால் வெட்டினோம். முதல் படியை இரண்டு முறை பெயர்த்தேன். "கப்பல்ல நான் கருக்கின சோறு இத விட நேரா ஈக்கும்" என்று சிரித்தீர்கள்.

ஒன்பதாம் படிக்கு உங்கள் தாளிலிருந்த பூங்கொடியைப் போட்டேன். பதித்து முடிந்ததும் கீழே நின்று வெகுநேரம் பார்த்தீர்கள்.

"தம்பி, இந்தக் கொடி ஓதுற மாதிரி ஈக்குதே."

"கொடி எப்படி நானா ஓதும்? அது பூ வேலை."

"எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தா ஈந்தா?"

நாம் ஓதிப் பழகிய அரபெழுத்து ஒரு வடிவம். அந்த நாட்டார் சுவரில் எழுதும் வடிவம் நமக்கெங்கே தெரியும்? ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று நாள் உங்களோடு கதைக்கவுமில்லை. நாலாம் நாள் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "சந்தேகம் எண்டா காலடியில வேணாம்."

உளியை எடுத்தது நான். ஒரு சில்லும் சிதறாமல் பெயர்த்தேன். பழசாகிப்போன குர்ஆன் தாள்களைப் போலவே இதையும் கடலில் விட வேண்டும் என்றீர்கள். மதினி வெள்ளைத் துணியில் பை தைத்துத் தந்தா. வள்ளத்தில் போனோம். நீங்கள் பிஸ்மி சொல்லி இறக்கினீர்கள். அந்தப் படிக்கு வெறும் நீல ஓடு போட்டு முடித்தோம். நாட்டில் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷம் அது. அதற்குப் பிறகு அந்தப் படியில் யாரும் விழவில்லை.

இப்போது, கத்தத்துக்கு வந்த யாரோ ஒருவர் பாதிக் கதையைக் காவிக்கொண்டு வந்திருக்கிறார். மருமகனைக் கேட்டேன்.

"சனம் கதைக்குது சாச்சா. படியில அரபெழுத்து ஈக்குதாம்."

"எந்தப் படியில?"

"அது தெரியா. அதாலதான் எல்லாத்தையும் மூடினேன்."

கடலில் விட்டதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அதுக்குச் சாட்சி ஆரு சாச்சா?"

"எங்கட நானாதான்."

"மாமா மவுத்தாயிட்டாரே."

மதினியைத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்றா. பை தைத்த கை அவவுடையது. ஆனால் வீடு மகளுக்குச் சீதனமாக எழுதியாயிற்று, மருமகன் மனம் நோகக் கூடாது என்று வாய் திறக்கவில்லை. போன வெள்ளி அந்தக் கை மணிக்கட்டில் வீங்கிக் கிடந்தது. இருட்டில் படி தெரியாமல் சறுக்கியிருக்கிறா. "எண்ணெ பூசிட்டேன். நீங்க சத்தம் போடாதீங்க தம்பி" என்றா.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். இத்தனை வருஷத்தில் அந்தக் கதையை மகளுக்காவது சொல்லியிருக்கலாமே. "செஞ்ச நல்லதக் கதைச்சா அது கரைஞ்சிடும்" என்பீர்கள். கரையவில்லை நானா. சீமெந்தாக இறுகிவிட்டது.

ஆகவே இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். பளபளப்பான ஓட்டில் சீமெந்து சரியாகப் பிடிக்காது. ஆனால் நாள் போகப் போக எடுப்பது கஷ்டம். பூசிய அதே மேசன் வந்து, ஈரச் சாக்கு போர்த்தி, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி எடுக்க வேண்டும், இரும்பு படக்கூடாது. பள்ளிவாசல் லெப்பை கீழே நின்று பதினாறு படியையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எழுத்து இல்லை என்று சனத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். கதையைக் கொண்டுவந்தவரும் அன்றைக்கு வர வேண்டும். பை தைத்ததை மதினி மருமகனுக்கு முன்னால் சொல்ல வேண்டும், ஒரு வசனம் போதும். உடையும் துண்டுகளுக்கு மாற்றுத் துண்டு வெட்டுவது என் வேலை. வயதானாலும் குறட்டை வேறு ஆளிடம் கொடுக்கமாட்டேன்.

கடைசிப் படி திறக்கும்வரை மதினியை ஏற்றி இறக்குவது மருமகனின் வேலை. சுபஹுக்கு இறங்கும்போதும் இஷா தொழுது ஏறும்போதும், வீங்காத கையைப் பிடித்து, படிக்குப் படி நின்று நின்று. உங்கள் மகள் அல்ல, நான் அல்ல. அவன்.