இரண்டாம் பொருளின் அட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அவர் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

அகராதி அலுவலகத்தில் என் மேசைக்கு இந்த வாரம் வந்த ஆங்கிலச் சொல் ‘ஹேங் அப்’. பேச்சு வழக்குதான், ஆனால் ஒரே வீட்டில் மூன்று குடித்தனம். துணியை மாட்டி வைப்பது ஒன்று. போனை வைப்பது இரண்டு. தொழிலை விட்டு ஓய்வு பெறுவது மூன்று. ஆட்டக்காரர் காலணியை ஆணியில் மாட்டிவிட்டார் என்பார்கள். போன் சுவரில் இருந்த காலத்தில், காதுக்குழலைக் கொக்கியில் மாட்டினால் பேச்சு அறுந்துவிடும். அப்படி வந்ததுதான் இரண்டாம் பொருள். ஆங்கிலேயர்கள் மாட்டினார்கள், நாம் வைக்கிறோம்.

எங்கள் ஆசிரியருக்கு ஒரு விதி உண்டு. பொருளுக்கு ஓர் அட்டை. அதில் வரும் தமிழ் உதாரணம் யாரோ நிஜமாகப் பேசியதாக இருக்க வேண்டும். நடந்தது உண்மை என்று கையெழுத்தும் போட வேண்டும். இரண்டாம் பொருளுக்கு நான் யோசிக்கவே இல்லை. “பேசிட்டு இருக்கும்போதே தம்பி போனை வெச்சுட்டான்” என்று எழுதினேன். இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய வாக்கியம்.

கையெழுத்துப் போடத்தான் கை வரவில்லை. வைத்தது நீ இல்லை, நான்.

அப்பாவை உன்னோடு கூட்டிப்போவதாக அன்றைக்குப் போனில் சொன்னாய். தனியாகிவிடுவேன் என்று பயந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, வைத்துவிட்டேன். அப்பா என்னவென்று கேட்டபோது பழியை உன் தலையில் கட்டினேன். பிறகு நீ அழைத்தபோதெல்லாம் அவர் எழுந்து போனது அதனால்தான். மூன்றாவது முறைக்குப் பிறகு நீயும் விட்டுவிட்டாய்.

அட்டையைக் கிழித்துப் போட்டு, “நான்தான் வெச்சேன்” என்று வேறோர் அட்டை எழுதிக் கொடுத்தேன்.

நேற்று அப்பாவிடமும் சொன்னேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டு வருஷமாவா?” என்று மட்டும் கேட்டார். மிச்சத் துணியையும் போட்டு முடித்துவிட்டு, உன் எண்ணைப் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நியாயம்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவரே அழைப்பார். கூட்டிப்போவதைப் பற்றி மறுபடி கேள்; நான் குறுக்கே வர மாட்டேன். எடுத்தவுடன் அவருக்குப் பேச்சு வராது. நீ நன்றாக இருக்க வேண்டும். அவர் பேசும்வரை போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா