நம் வாசலில் சண்முகம் அண்ணன் கட்டிய கொட்டகை

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அங்கே மழை உண்டா என்று தெரியவில்லை. ஹட்டனில் விடாமல் பெய்கிறது. நனைந்த கூடாரத் துணியைக் காயப்போட இடமில்லாமல் உங்கள் கட்டிலுக்கு மேலேயே கொடி கட்டிவிட்டேன். அதற்கெல்லாம் கோபப்படாதீர்கள், கோபப்பட வேறு விஷயம் வைத்திருக்கிறேன்.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தாத்தா பெட்ரோமாக்ஸ் விளக்குகளை வாடகைக்கு விட்டுத் தொடங்கிய தொழில் இது. தொழிலாளர் லயத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்கு முன்னால் நம் விளக்கு போகும் என்று பெருமையடிப்பீர்கள். நீங்கள் ஹட்டனில் கடை போட்டு, தகரக் கொட்டகையும் உட்காரக் கதிரைகளும் சேர்த்தீர்கள். நானும் தம்பியும் கூடாரம், ஜெனரேட்டர் என்று வாங்கினோம். கட்டின கொட்டகையை விசேஷம் முடிவதற்கு முன் அவிழ்ப்பதில்லை என்ற பழக்கம் மட்டும் தாத்தா காலத்திலிருந்து மாறவில்லை.

நீங்கள் கண்ணை மூடிய அன்று, நம்மிடம் இருந்ததெல்லாம் வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துத் திருவிழாவில் நின்றது.

"அக்கா, அப்பாவுக்கே இல்லாத கொட்டகை எதுக்கு? நான் லொறியக் கொண்டுபோய் அவுத்துட்டு வந்துடுறேன்" என்றான் தம்பி.

"சாமி தேர்ல ஏறிருச்சுடா. இப்ப அவுத்தா அப்பாவே எந்திரிச்சு வந்து நம்மள வெளுத்துருவாரு."

உங்களைப் பார்க்க வந்தவர்கள் குடையோடு ரோட்டில் நின்றார்கள். ஊருக்கெல்லாம் கொட்டகை போட்டவர் வீட்டு வாசலில் ஒரு தகரம்கூட இல்லை. அழுகையைவிட எனக்கு அவமானம்தான் அதிகமாக இருந்தது, அப்பா.

அப்போதுதான் சண்முகம் அண்ணனின் லொறி வந்தது. அவரேதான். உங்களிடம் வேலை பார்த்து, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தனிக்கடை போட்டவர். அதற்குப் பிறகு நீங்கள் அவர் பெயரைக்கூடச் சொன்னதில்லை. அவர் கடையைத் தாண்ட வேண்டாமென்று பஸ் ஸ்டாண்டுக்குச் சுற்றிக்கொண்டு போவீர்கள்.

"யாரு உங்கள வரச் சொன்னா?" என்று தம்பி முறைத்தான்.

"யாரும் சொல்லலப்பா. மொதலாளிக்குப் புடிக்கலைன்னா எந்திரிச்சுத் திட்டட்டும்" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். கட்டி முடிக்கும்வரை அழுதுகொண்டேதான் இருந்தார்.

வாடகையைப் பற்றிக் கேட்டேன். "சாவு வீட்டுல வாடகை வாங்குற பழக்கம் நம்ம கடையில ஏது, தங்கச்சி?" என்றார். நம்ம கடை என்றா சொன்னார்? அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போதைய செய்தி இதுதான். தம்பி கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். விசா வந்துவிட்டது. நான் ஒருத்தி கடையையும் பார்த்து, லொறியோடு மலை மலையாகவும் ஏற முடியாது. எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. இரண்டு கடையையும் ஒன்றாக்கலாம் என்கிறார் சண்முகம் அண்ணன். "நீங்க கடையப் பாருங்க தங்கச்சி, தோட்டத்துக்கெல்லாம் நான் போறேன்."

"அப்பா பேரக்கூடச் சொல்லாத ஆள, அப்பா கடைக்குள்ள விடுவியா?" என்று தம்பி கேட்டான்.

ஒன்று கேட்கட்டுமா? தனியாகப் போகிறேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், விட்டிருப்பீர்களா? உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எங்களில் யாருக்குத்தான் தைரியம் இருந்தது?

நேற்றுக் காலை கடைச் சாவி ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாங்க அண்ணன் என்று நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

தாத்தா தொடங்கியதை விற்க மாட்டேன், அப்பா. சாவு வீட்டில் வாடகை வாங்க மாட்டேன். கட்டினதைப் பாதியில் அவிழ்க்கவும் மாட்டேன். இது சத்தியம். நீங்கள் விட்டுப்போன எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தை மட்டும் உங்களோடே அனுப்பிவிட்டேன்.

உங்கள் பிடிவாதம் அப்படியே வாய்த்த மூத்த மகள்,
செல்வி