யாரைக் கேட்டு அலாரத்தை அணைச்சீங்க?

என்னங்க, மன அமைதிக்கு ஏழு பழக்கம்னு நீங்க ஃபிரிட்ஜில ஒட்டின தாளோட பின்பக்கத்துலதான் இதை எழுதுறேன்.

நான் நல்லாத் தூங்கணும்னு அலாரத்தை அணைச்சுட்டு, நீங்க பாட்டுக்கு மாடியில கண்ணை மூடி உக்காந்துட்டீங்க. வேலைக்குக் கூட்டிட்டுப் போற ஆஸ்பத்திரி வண்டி என்னை விட்டுட்டுப் போயிடுச்சு. ராத்திரி முழுக்க வேலை பார்த்த நர்ஸ், நான் வராம வீட்டுக்குப் போக முடியாது. அவ தூக்கத்துக்கு யார் பதில் சொல்றது?

பால் இன்னும் காய்ச்சலை. சின்னவளை எழுப்பி, குளிப்பாட்டி, தலை பின்னி ஸ்கூல்ல விடுங்க. நடுவுல மூச்சை இழுத்து விட்டுப் பாருங்க, அமைதி வருதான்னு.

அலாரம் கடிகாரம் உங்க தலையணைக்கு அடியில இருக்கு. நாளையிலேருந்து அது அடிச்சா எழுந்திரிக்கப் போறது நீங்கதான்.

தூக்கம் என்னவோ நல்லாத்தான் இருந்தது. அதைச் சொல்லிக் காட்டினீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு.