தோற்ற அணியில் உன் மகன்

அன்பின் பரமு,

கஜனின் ஃபுட்போல் அணி அடுத்த வருடம் களமிறங்குமா என்பது இப்போது மீளாய்வில் இருக்கிறது. பல்கலைக்கழக விளையாட்டுத் துறை வியாழக்கிழமை வெளியிட்ட அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. அறிக்கையை நானே வாசித்தேன். கஜனிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இந்தப் பருவத்தில் அவர்கள் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. முதல் தோல்வியை நீயும் பார்த்தாய். தலைக்கவசம் போட்டு ஒருவரை ஒருவர் இடித்து விழுத்தும் அந்த விளையாட்டு கடைசிவரை உனக்கு விளங்கவில்லை. ஆனாலும் மற்றவர்கள் எழும்பினால் நீயும் எழும்பிக் கை தட்டினாய். இரண்டாவது ஆட்டத்துக்கு முன் போய்விட்டாய்.

கஜன் தலை மழித்துத்தான் உனக்குக் கொள்ளி வைத்தான். கொள்ளி என்று எழுதுகிறேன். அவன் செய்தது சுடலை மண்டபத்தில் ஒரு பொத்தானை அழுத்தியது. இரண்டு நாள் கழித்துப் பயிற்சிக்குப் போனான். போக வேண்டாம் என்று தாய் சுகந்தி மறித்துப் பார்த்தாள். கேட்கவில்லை.

அவனுடைய மொட்டையைக் கண்டதும் அணிப் பெடியன்கள் எல்லோரும் தங்கள் தலையையும் மழித்துவிட்டார்கள். காரணம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனுக்குத் துணையாக நிற்பதென்று நினைத்திருக்கிறார்கள். உன்னுடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அப்படியே அஜின்கோர்ட்டில் உங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். வாசலில் நின்ற உன் அக்கா பதறிப்போனா.

"தாய் தகப்பன் உயிரோடை இருக்க, உவங்கள் ஏன் மொட்டை அடிச்சவங்கள்?"

கஜன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். கப்டனாக இருக்கிற அந்தப் பெரிய பெடியனின் முகம் வெளிறிவிட்டது. வெளியே போய்த் தாய்க்கு ஃபோன் எடுத்தான். சுகமாக இருக்கிறாவா என்று இரண்டு தரம் கேட்டானாம். அதைக் கண்டுதான், நீ போன பிறகு முதல் தடவையாக, சுகந்தியின் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"விடுங்கோ மச்சாள், முதல்ல பெடியள் சாப்பிடட்டும்" என்றாள்.

அடுத்த ஆட்டத்தை வெல்லுவார்கள் என்று அன்று எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன். வெல்லவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. பிறகு நம்முடைய ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் முன்பே, சாவுத் துடக்கோடு விளையாடப் போனவனாம். அந்தத் தீட்டுத்தான் அணியைப் பிடித்ததாம். துடக்கு வருவதற்கு முன்பும் அவர்கள் தோற்றவர்கள்தான் என்று நான் சொன்னேன். அந்தத் தகவலை யாரும் விரும்பவில்லை.

கடைசி ஆட்டத்தன்று குளிர் மழை. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் இடைவேளையோடு போய்விட்டார்கள். முடிந்த பிறகும் கஜன் தலைக்கவசத்தைக் கழற்றாமல் வாங்கில் இருந்தான். அழுகிறானா என்று வெளியே தெரியவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன்.

"நெக்ஸ்ட் இயர் இருக்குத்தானே மாமா" என்றான்.

அறிக்கை வந்த அன்று அவன் சொன்னது வேறு.

"டீம் இல்லாட்டி எனக்கு யூனியும் வேண்டாம்."

சும்மா சொல்லவில்லை, பரமு. நீ போனதற்குப் பிறகு அவன் வகுப்புகளுக்கு ஒழுங்காகப் போகவில்லை. பயிற்சி இருக்கிற நாளில் மட்டும் விடிய எழும்பினான். சுகந்தி கதவைத் தட்டினால் திறக்கவில்லை. கப்டன் ஃபோன் அடித்தால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினான். அவனை வீட்டுக்கு வெளியே எடுத்தது அந்தத் தோற்கிற அணி ஒன்றுதான்.

இந்த ஊரில் எத்தனையோ மீளாய்வுகளைச் செய்தியாக எழுதியிருக்கிறேன். நூலகம், பஸ் பாதை, முதியோர் நிலையம். மீளாய்வுக்குப் போய்த் தப்பி வந்த ஒன்றையாவது நினைவில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கஜனிடம் இதைச் சொல்லவில்லை. நீயென்றால் சொல்லியிருப்பாயா? அல்லது அவன் எழும்பும்போது நீயும் எழும்பிக் கை தட்டியிருப்பாயா?

முடிவு ஜனவரி கடைசிக்குள் வரும் என்று அறிக்கையில் இருக்கிறது. நாள் குறிப்பிடவில்லை. வரும் அன்று நான் அவனோடு இருப்பேன். அணி அறையில் அவனுடைய லொக்கரைக் காலி செய்ய வேண்டி வந்தால் நானே காரில் கூட்டிக்கொண்டு போவேன். வகுப்பை விடாதே என்று அன்றும் சொல்வேன், அடுத்த நாளும் சொல்வேன். இது உனக்குத் தரும் வாக்கு. அவன் கேட்பான் என்று எழுத என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

சுகந்தியின் அண்ணன்,
உன் மச்சான்
சிவம்